விரல் கொடுக்கும் கூலி

கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்குச் சோம்பலைவிடக் கம்பியின் உயரம்தான் பெரிய காரணம் என்றார் இசை ஆசிரியரான என் நண்பர். நான் நம்பாததைப் பார்த்துப் பெரம்பூரில் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

அவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கே ‘மாஸ்டர்’. வீட்டு வராந்தாதான் பட்டறை. மேசையில் எலிவால் அரங்கள், உப்புத்தாள், ஒரு கண்ணாடித் துண்டு, பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ்.

நான் போனபோது ஒரு அம்மா மகளைக் கூட்டிவந்திருந்தார். “விரல் வலிக்குதுன்னு தொடவே மாட்டேங்குறா மாஸ்டர்.”

“எஃப் கார்டு வரவே இல்ல தாத்தா” என்றாள் சிறுமி.

கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்கள். மாஸ்டர் 12-ஆம் ஃப்ரெட்டில் அளந்தார். கனத்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர். “ரெண்டரை போதும். உன் விரல்ல குத்தமில்ல பாப்பா. இது வேலை முடியாத கிட்டார்.”

கம்பி உயர்வதற்குப் பல காரணங்கள். முதலில் கழுத்து. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுப்பதால் அது முன்பக்கம் வளையும். அதைச் சரிசெய்யக் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கோல் உண்டு. கிப்சன் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது 1923-இல். மாஸ்டர் அலன் கீயால் கால் சுற்றுதான் திருப்பினார்.

அடுத்தது நட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டு. முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் எஃப் கார்டின் எதிரி இங்கேதான் இருந்தது. மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். இந்தக் கிட்டாரில் அது தாராளமாக இருந்தது. அரத்தால் ஓர் இழுப்பு, ஒரு பார்வை, மறுபடி ஓர் இழுப்பு. பள்ளம் கொஞ்சம் அதிகமானாலும் கம்பி இரையும். நட்டையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டும் முடிந்தபோது உயரம் மூன்றாகியிருந்தது. இன்னும் அரை மில்லி இறங்க வேண்டும். அதற்கு, மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் சேடிலில் ஒரு மில்லி எடுக்கவேண்டும் என்றார். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பதால் அங்கே பாதிதான் இறங்குமாம். மேல் வளைவு கெடாமலிருக்கச் சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்தார். ஃப்ரெட்களைச் சமன்செய்யும் விதத்தையும் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை.

மாஸ்டர் இந்த வேலைக்கு வந்த கதை சுவையானது. தொழிற்சாலையில் உடன் வேலைபார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர், சேடில் பொருந்தியிருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் பெயர்ந்த கிட்டாரைக் கொண்டுவந்தார். ரயில்வே குடியிருப்புகளில் நடன விருந்தும் பேண்டும் களைகட்டிய காலம். “மரம்தானேன்னு ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் சித்தப்பாவும் ஒண்ணு தூக்கிட்டு வந்துட்டார்.” மரம் ஈரத்தை உறிஞ்சும் என்பது தச்சருக்குத் தெரிந்த சங்கதி. சென்னைக் காற்றில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பி, கம்பியும் எழும்பும். பிரிட்ஜே பெயரும் நிலையில் இருந்தால் சேடிலைத் தேய்த்துப் பயனில்லை. முதலில் பசை வேலை.

ஏன் புதுக் கிட்டாரையே இப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். “கம்பியைத் தாழ்த்தினா ஃப்ரெட்டோட மேடு பள்ளம் இரைச்சலாத் தெரிஞ்சுடும். இரையுதுன்னா திருப்பிக் கொடுப்பாங்க. வலிக்குதுன்னு யார் சார் திருப்பிக் கொடுக்கிறாங்க?”

இதுதான் விஷயம். ஆலையில் செய்யாமல் மிச்சம்பிடித்த வேலை பிள்ளையின் விரல்நுனிக்கு வந்துசேர்கிறது. அந்தப் பிள்ளையோ தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவுகட்டிவிடுகிறது. சில கடைகள் மாஸ்டரிடமே வேலையைக் கொடுத்து, அவருக்குத் தருவதைப்போல இரு மடங்கை வாடிக்கையாளரிடம் வாங்குகின்றன. விற்கும்போது சரிசெய்து கொடுத்திருக்க வேண்டியதற்குத்தான் இந்த இரண்டாவது வசூல்!

வாங்கப்போகிறவர்களுக்கு மாஸ்டர் சொல்லும் சோதனை எளிது. ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லி கனம். இரண்டை அடுக்கி, 12-ஆம் ஃப்ரெட்டின் மேல், கனத்த கம்பிக்கு அடியில் நுழையுங்கள். கம்பியில் படாமல் நுழைந்தால், இறக்கிக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவர் கேட்கும் விலையில் இந்த வேலையும் அடக்கம்.