தாய்வீடு தேடி வரும் பறவைகள்

மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை. மதுரையிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்ட அந்த முதிய தம்பதியரின் உள்ளத்தில் ஒரே வேண்டுதல்தான் இருந்தது. இருமுறை கரு தங்காமற்போன மகள் இப்போது நிறைமாதத்துடன் தாய்வீடு வந்திருக்கிறாள். அவள் நல்லபடியாகப் பெற்றெழ வேண்டும்.

மேலூரைக் கடந்து திருப்பத்தூரை நெருங்கும் முன், வேட்டங்குடி அருகே ஒரு கண்மாய் தென்பட்டது. நீருக்குள் நின்ற கருவேல மரங்கள் வெண்பூப் பூத்தவை போலத் தோன்றவே, பெரியவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கரையேறிப் பார்த்தபோது அத்தனையும் பறவைகள்! மூடிய பின்னும் நடுவே இடைவெளி தெரியும் அலகுடைய நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பகலில் உறங்கி இரவில் இரைதேடும் வக்கா என ஒவ்வொரு கிளையும் ஒரு குடியிருப்பாக இருந்தது.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறையும்போது இவை வந்து கூடு கட்டுகின்றன. குஞ்சுகளுக்குச் சிறகு முற்றியதும் புறப்பட்டுவிடுகின்றன. அரசு 1977இல் இவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது. ஆயினும், சட்டத்தைக் காட்டிலும் ஊராரின் காவலே இங்குப் பெரிது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. திருமணமாயினும் கோயில் திருவிழாவாயினும் வேட்டுச் சத்தம் கிடையாது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் பெரியவர் கேட்டார்: "ஏன் ஆத்தா, தீபாவளியன்று பிள்ளைகள் ஏங்கிப்போக மாட்டார்களா?"

"ஏங்கத்தான் செய்யும். என் பேரனும் அழுதிருக்கான். ஆனா, பேறுகாலத்துக்குப் பொண்ணு வந்திருக்கிற வீட்டு வாசல்ல யாராச்சும் வேட்டுப் போடுவாங்களா தம்பி? தாய்ப்பறவை மிரண்டு எந்திரிச்சா, முட்டையைக் காக்கா கொண்டுபோயிரும்."

பெரியவரின் மனைவி மறுமொழி பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கற்பக விநாயகர் சன்னிதியில் அன்று அவள் நெடுநேரம் நின்றாள்.

பெரியவர் தம் தெருக்கோயிலின் விழாக்குழுவில் பொருளாளர். அடுத்த வாரம் தைப்பூசச் செலவுக்கணக்கு எழுதியபோது, வாணவேட்டுக்கென ஒதுக்கிய தொகையை அடித்துவிட்டு, அதை அன்னதானத்தில் சேர்த்தார்.

"வேட்டில்லாமல் சுவாமி புறப்பாடா?" என்றார் ஒருவர்.

"கொள்ளுக்குடிப்பட்டியில் சுவாமி அப்படித்தான் புறப்படுகிறார்" என்றார் பெரியவர்.