நின்ற நேரம்

ரயிலைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு ரயில் கணக்குப் படிப்பித்தவன் நான். 1990 யூனில் யாழ்தேவி நின்றபோது எனக்கு ஒன்பது வயது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து, 2006 தொடக்கத்தில் உடுவிலில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு ரயில் என்பது புத்தகத்திலுள்ள படம் மட்டுந்தான்.

ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் என்று வைப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் வரவேண்டிய ரயில், முதற் பாதித் தூரத்தை 25இல் ஓடிவிட்டது. நேரத்துக்கு வந்து சேர மீதியை எந்த வேகத்தில் ஓடவேண்டும்?

"75, சேர்!" என்றது வகுப்பு. 25ஐயும் 75ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 50தானே! எல்லோரும் வழுக்குகிற இடம் அது. வேகங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. நேரங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முழுப் பயணத்துக்கும் இருந்தது 8 மணித்தியாலம். முதல் 200 கிலோமீற்றரே அதைத் தின்று முடித்துவிட்டது. இனி 75இல் ஓடினாலும் 2 மணித்தியாலம் 40 நிமிடம் தாமதம். எந்த வேகமும் போதாது.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். நாள்தோறும் பிந்தி வருபவன். அன்றும் பத்து நிமிடம் வாசலில் நிறுத்தி வைத்துத்தான் உள்ளே விட்டிருந்தேன்.

"சேர், வழியில நிண்ட நேரத்தை எங்க எழுதிறது?"

"கணக்கில அப்பிடி ஒண்டும் இல்லை. இரும்."

கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன். ஓரத்தில் தன் கணக்கைச் செய்து வைத்திருந்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கிலோமீற்றர், சைக்கிளில் மணிக்கு 12 கிலோமீற்றர்: 20 நிமிடம். அதன் கீழே, இராணுவ வாகனத் தொடர் போய் முடியும்வரை வீதியில் நின்றது: 35 நிமிடம். மொத்தம் 55. கூட்டல் சரியாகவே இருந்தது. ஏன் பிந்தி வருகிறாய் என்று நான் அவனை ஒருநாளும் கேட்டதில்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது. அதன்பின் என்னிடம் படித்தவர்கள் சுன்னாகத்தில் ரயிலைக் கண்டவர்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தபின், நின்ற நேரத்துக்கென்று ஒரு வரி விடும்படி அவர்களுக்குச் சொல்கிறேன். பிந்தி வரும் பிள்ளையிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அந்தக் கொப்பியில் ஒன்று மட்டும் விடுபட்டிருந்தது. வாசலில் நான் நிறுத்தி வைத்த பத்து நிமிடத்தை அவன் கூட்டவில்லை.