பாதாளத்தில் ஒரு பட்டிமன்றம்

டிராகன்கள் உலவும் விளையாட்டு பிறந்த அமெரிக்கச் சிற்றூர் இது. கற்பனை உலகின் ஓட்டைகள் பற்றிய வாதம் 50 ஆண்டுகளாகியும் இங்கே ஓயவில்லை

லேக் ஜெனிவாவுக்குக் கோடைதான் பிழைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தெற்கு எல்லையருகே, சிகாகோவிலிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ள இந்த ஊரில் 8,000 பேருக்குச் சற்று முன்பின்னாகத்தான் வசிக்கிறார்கள். ஜூன் பிறந்தால் சிகாகோக்காரர்கள் வந்து குவிகிறார்கள். 1871ல் சிகாகோ எரிந்துபோன பிறகு அந்நகரத்துப் பணக்காரர்கள் ஏரியைச் சுற்றி மாளிகைகளாகக் கட்டித் தள்ளினார்கள். அவற்றின் புல்தரைகளை ஊடுருவியபடியே ஏரியைச் சுற்றி வர 34 கி.மீ. நடைபாதை உண்டு. ஓடும் படகிலிருந்து கரைக்குத் தாவி, தபாலைப் போட்டுவிட்டு, திரும்ப ஓடிவந்து அதே படகில் தொற்றிக்கொள்ளும் இளைஞர்களை வேடிக்கை பார்க்க டிக்கெட் உண்டு. 1916 முதல் இப்படித்தான் தபால் பட்டுவாடா நடக்கிறது. எப்போதாவது ஒருவர் தண்ணீரில் விழுவதும் உண்டு.

மார்ச்சில் இந்த ஆரவாரம் எதுவும் கிடையாது. காற்றில் குளிர் விட்டிருக்காது. படகுகள் கரையேறிக் கிடக்கும். ஆனால் ஊருக்கு வெளியே உள்ள கிராண்ட் ஜெனிவா ஓட்டலில் மட்டும் அந்த மாதம் சில நாட்கள் திருவிழாக் கூட்டம். 1968ல் பிளேபாய் கிளப் ஓட்டலாகத் திறக்கப்பட்ட கட்டிடம் அது. முயல் காது மாட்டிய பணிப்பெண்கள் நடமாடிய இடத்தில் இப்போது நரைத்த தாடிக்காரர்களும் கல்லூரி மாணவிகளும் மேஜைகளைச் சூழ்ந்து உட்கார்ந்து, 20 முகம் கொண்ட பகடைகளை உருட்டுகிறார்கள். பெயர் கேரி கான். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 2008 மார்ச் 4ல் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்த நண்பர்கள் அழுது முடித்ததும் ஓர் அரங்கில் கூடி விளையாடினார்கள். மறு ஆண்டிலிருந்து அதுவே ஆண்டு விழாவாகிவிட்டது.

பகடை உருளும் சத்தத்தைவிட அங்கே அதிகம் கேட்பது வாதம். பாதாளக் கோட்டையின் நடைபாதை 10 அடி அகலம். அதன் கோடி அறையில் 60 அடி நீள டிராகன் படுத்திருக்கிறது. அது எந்த வழியாக உள்ளே வந்தது? என்ன சாப்பிடுகிறது? (சாப்பிட்டதன் மிச்சம் எங்கே போகிறது என்ற கேள்வியும் நாகரிகமாக எழுப்பப்படுவதுண்டு.) இறந்தவரை எழுப்பும் மந்திரம் பூசாரிகள் கையில் இருக்கும் உலகில் ராஜாக்கள் ஏன் சாகிறார்கள்? பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தக் காட்சி அன்னியமாக இருக்காது. நடுவர் தீர்ப்புச் சொல்லியும் வாதம் முடியாது என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்த விளையாட்டில் கட்டம் போட்ட பலகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆட்டத்தை நடத்துபவர் ஓர் உலகை வருணிப்பார். “கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்பார். வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்ற ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். எதை வேண்டுமானாலும் முயற்சிக்கலாம் என்பதால் எதைப் பற்றியும் கேட்கலாம். சதுரங்கத்தில் குதிரை ஏன் அப்படித் தாவுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே குதிரைக்குப் புல் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்பார்கள்.

ஊருக்குள் சென்டர் தெரு 330ம் எண் வீட்டில்தான் கைகாக்ஸ் குடியிருந்தார். சிகாகோவில் இன்ஷூரன்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் 1970ல் வேலையை இழந்தார். குழந்தைகள் நிறைந்த வீடு. செருப்புத் தைத்துச் சம்பாதித்துக்கொண்டே போர் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதினார். மினியாபொலிஸ் பக்கத்திலிருந்து 1972ல் வந்த டேவ் ஆர்னிசன், தன் நண்பர்களுடன் ஆடிவந்த ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை உலகை அவருக்கு ஆடிக் காட்டினார். இருவரின் உழைப்பும் சேர்ந்து 1974 ஜனவரியில் மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட 10 டாலர் பெட்டியாக வெளிவந்தது. முதலில் அச்சானது 1,000 பிரதிகள். வீட்டு நிலவறையில்தான் பெட்டியில் அடுக்கினார்கள். அவை விற்றுத் தீர அந்த ஆண்டு பிடித்தது.

உலகம் அவசரத்தில் உருவானதால் ஓட்டைகளும் அங்கேயே உருவாயின. அச்சமூட்டும் சில பிராணிகளின் பூர்வீகம் ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட். பெயர் தெரியாத அந்த உருவங்கள்தான் ஆந்தைத் தலைக் கரடியாகவும் இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூச்சியாகவும் புத்தகத்தில் ஏறின. 10 அடி கனசதுரமாக ஒரு ஜெல்லிப் பிராணி உண்டு. இயற்கையில் கனசதுரமாக எது பிறக்கிறது? நிலவறைகளைக் கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு 10 அடி என்று வரைந்ததுதான் காரணம். ஆனால் ரசிகர்கள் அதோடு விடவில்லை. நடைபாதையை அடைத்துக்கொண்டு நகர்வதால் பிணங்களையும் குப்பையையும் அதுவே விழுங்கித் துப்புரவு செய்கிறது என்றார்கள். வரைபடத் தாளின் குறை, பாதாளத்தின் சுகாதார இலாகா ஆகிவிட்டது.

கைகாக்ஸின் சொந்த நிலவறையான கிரேஹாக் கோட்டைக்கும் ஒரு சமாதானம் இருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விநோதங்கள் மாடி மாடியாக ஏன் இருக்கின்றன என்றால், அதைக் கட்டியது ஒரு கிறுக்கு மந்திரவாதி. அவர் பெயர் ஸாகிக். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ஏறக்குறைய கைகாக்ஸ் என்று வரும்.

1976ல் தொடங்கிய ‘டிராகன்’ மாத இதழ் இந்த வழக்குகளின் நீதிமன்றமாயிற்று. விதிச் சந்தேகங்களுக்கு விடையளிக்கும் பகுதி 1979ல் வந்தது. 1983ல் பிரிட்டிஷ் ரசிகர் இதழ் ஒன்றில் வந்திருந்த கட்டுரையை ‘டிராகன்’ மறுபிரசுரம் செய்தது. குகைக் கூரையில் கல் விழுதுபோலத் தொங்கி, கீழே போகிறவர் தலைமேல் விழும் பிராணியைப் பற்றியது அது. குறி தப்பினால் அது என்ன செய்யும்? மெல்ல ஊர்ந்து சுவரேறித் திரும்பப் போக வேண்டும். அதற்குள் எத்தனை பேர் மிதிப்பார்கள்? இப்படி ஒரு பிராணியின் வாழ்க்கையை ஆராய்ந்த அந்தக் கட்டுரையிலிருந்து பல ஆண்டுகள் நீடித்த ஒரு தொடரே கிளைத்தது. படைத்தவர்கள் விட்ட இடைவெளியில் வாசகர்கள் குடியேறினார்கள்.

இந்திய வாசகர் பங்குக்கும் ஓர் ஓட்டை உண்டு. 1977ல் வந்த பிராணிகள் புத்தகத்தில் ராட்சசன் இருக்கிறான்: புலித்தலை, கையில் புகைக்குழாய், மந்திரித்த அம்பு தைத்தால் மரணம். வால்மீகியிலோ கம்பனிலோ தேடினால் கிடைக்க மாட்டான். 1974ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு திகில் தொடரில் அம்பு எய்து கொல்லப்பட்ட ராட்சசன்தான் மூலம். 1980ல் வந்த கடவுளர் புத்தகத்தில் இந்திரன், விஷ்ணு, கார்த்திகேயன் ஆகியோருக்கு உயிர்ப் புள்ளிகள் போட்டிருந்தார்கள். எத்தனை அடி விழுந்தால் முருகன் சாவான் என்று கணக்கிட்ட துணிச்சல் வேறு யாருக்கும் வந்ததில்லை.

அபத்தங்களில் ரசிகர்களுக்கு மிகப் பிடித்தது பணக் கணக்கு. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பின் விலைப் பட்டியலில் 10 அடி ஏணி 5 செப்புக் காசு. 10 அடிக் கழி 2 வெள்ளிக் காசு, அதாவது 20 செப்பு. ஏணியை வாங்கிக் குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கினால் இரண்டு கழி. பாதி விலைக்கு விற்றாலும் 20 செப்பு. டிராகனோடு மல்லுக்கட்டுவானேன்? விலைகள் தாறுமாறாக இருப்பதற்குக் கைகாக்ஸ் 1978லேயே ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். தங்கம் கிடைத்தபோது அலாஸ்காவில் முட்டை விலை ஏறியதுபோல, புதையல் புரளும் ஊரில் எல்லாம் விலை ஏறும் என்பது அவர் வாதம். ஏணிக்கு அது பொருந்தவில்லை.

இதற்கும் மேலே போனது விவசாயிகள் பீரங்கி. விதிப்படி ஒரு சுற்று 6 வினாடி. அதற்குள் ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருந்து, கைக்கு வந்ததை அடுத்தவருக்குத் தரலாம். 5 அடிக்கு ஒருவராக 2,280 விவசாயிகளை நிறுத்தினால் ஒரு கழி 6 வினாடியில் மூன்றரை கிலோமீட்டர் போய்விடும், ஒலியைவிட வேகம். கடைசி ஆள் அதை எறிந்தால் கோட்டையே தூளாகாதா? ஆகாது. விதிப்படி, எறிந்த கழிக்கு ஒரு சாதாரணப் பகடை அளவு சேதம்தான். வேகத்துக்கு ஆட்ட விதி, சேதத்துக்கு இயற்பியல் என்று வசதிப்படி மாறக்கூடாது என்பது எதிர்த்தரப்பு. 2024ல் வந்த நடத்துநர் நூல், விதிகளை இயற்பியலாகவோ பொருளாதாரமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அறிவித்தது. கால் நூற்றாண்டுச் சண்டைக்குக் கிடைத்த தீர்ப்பு. மேஜைகளில் இன்னும் மேல்முறையீடு நடக்கிறது.

இயற்பியல் என்றதும் இந்த ஏரியின் இன்னொரு கரை நினைவுக்கு வரும். வில்லியம்ஸ் பேயில் 1897ல் திறக்கப்பட்ட யெர்க்ஸ் வானாய்வுக் கூடத்தில் 1937 முதல் 1964 வரை பணியாற்றியவர், சென்னையில் படித்த எஸ். சந்திரசேகர். கைகாக்ஸ் குடும்பம் சிறுவன் கேரியுடன் லேக் ஜெனிவாவுக்குக் குடிவந்தது 1946ல். நட்சத்திரங்கள் எந்த விதிப்படி சாகின்றன என்று கணக்குப் போட்டவரும், டிராகன்கள் எந்த விதிப்படி சாக வேண்டும் என்று பின்னாளில் எழுதியவரும் ஒரே ஏரிக்கரையில் இருந்திருக்கிறார்கள்.

ஏணியும் பீரங்கியும் சிரித்துவிட்டுப் போகும் சமாசாரம். சிரிக்க முடியாத ஓட்டை ஒன்று கைகாக்ஸ் 1979ல் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற சாகசத்தில் இருக்கிறது. அடிப்படைப் பெட்டியுடன் சேர்த்தே விற்றதால் லட்சக்கணக்கானவர்கள் ஆடத் தொடங்கியதே அதில்தான். எல்லைக் கோட்டை ஒன்று. அருகே ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஓர்க், கோபிளின் முதலிய அரக்க இனங்கள் வசிக்கும் குகைகள். இத்தனை இனங்கள் கூப்பிடு தூரத்தில் எப்படி அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன என்பது முதல் கேள்வி. கோபிளின்கள் பக்கத்துக் குகைப் பூதத்துக்குப் பணமூட்டை கொடுத்துத் துணைக்கு அழைப்பார்கள் என்பதுபோல அதற்குச் சில விடைகள் புத்தகத்திலேயே உண்டு. அடுத்த கேள்விக்கு இல்லை. அந்தக் குகைகளில் ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆண்களைக் கொன்று புதையலை எடுத்தாயிற்று. மூலையில் ஒடுங்கி நிற்கும் குழந்தைகளை என்ன செய்வது? பிறவியிலேயே தீயவை என்று விதி சொல்லும் இனத்தின் குழந்தைகள்.

2005ல் ரசிகர்கள் கைகாக்ஸிடமே இதைக் கிளறினார்கள். ஈரை விட்டால் பேனாகும் என்ற பொருளில் ஒரு பழைய வாசகத்தை அவர் விடையாகச் சொன்னார். அது யாரோடு சேர்த்து நினைக்கப்படும் வாசகம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது: கர்னல் சிவிங்டன். 1864ல் கொலராடோவின் சேண்ட் கிரீக்கில் செயென், அரப்பாஹோ இனத்தவரின் முகாமைத் தாக்கிய படையின் தலைவர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பல ரசிகர்கள் அந்தப் பதிலை இன்றும் மன்னிக்கவில்லை. அவர் காலத்து மனிதர், இது ஆட்டம்தானே என்று வாதிடுபவர்களும் கேரி கானில் உண்டு. இரண்டு தரப்பும் அவர் நினைவாகத்தான் கூடுகிறது.

லேக் ஜெனிவாவில் அந்த வாதத்துக்குத் தனிக் கனம் உண்டு. ஊரின் தென்கிழக்கே ஏரிக்கரைப் பூங்கா ஒன்றின் பெயர் பிக் ஃபுட். இந்தக் கரைகளில் வாழ்ந்த பொட்டவாட்டமி மக்களின் தலைவர் அவர். 1833ன் சிகாகோ ஒப்பந்தத்தில் நிலம் கைமாறியது. 1836ல் அவரும் அவர் மக்களும் மேற்கே அனுப்பப்பட்டார்கள். எல்லையில் ஒரு கோட்டை, அதற்கு அப்பால் காலி செய்யப்பட வேண்டியவர்கள் என்ற கதையை இந்த ஊர் கற்பனையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விளையாட்டு இப்போது கைகாக்ஸ் குடும்பத்திடம் இல்லை. 1985ல் அவர் தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் பிடி அவர் கையைவிட்டுப் போனது. மறு ஆண்டு வெளியேறினார். 1997ல் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. பிறவியிலேயே ஓர் இனம் தீயது என்று காட்டியதை மாற்றிக்கொள்வதாக அந்த நிறுவனம் 2020ல் அறிவித்தது. 2024 பதிப்பில் ஓர்க் என்பது ஆட்டக்காரர்கள் ஏற்கக்கூடிய வேடங்களில் ஒன்று. ஓட்டை அடைபட்டதாகச் சிலருக்கு நிம்மதி. அரக்கன் கெட்டவனில்லை என்றால் அவன் குகைக்குள் புகுந்து கொள்ளையடிப்பவன் யார் என்று வேறு சிலர் புதிய ஓட்டையைக் காட்டுகிறார்கள்.

பழைய புத்தகத்தை வைத்தே ஆடுபவர்கள் இன்னும் நிறைய. சில நடத்துநர்கள் அந்த வரிகளைப் பென்சிலால் அடித்துவிடுகிறார்கள். சில மேஜைகளில் ஆட்டக்காரர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குத் திரும்பி, அங்கே தங்கியிருக்கும், சிரித்துப் பேசும் பூசாரியிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பூசாரி குகைகளின் தீய சக்திகளுக்கு உளவு பார்ப்பவன் என்று நடத்துபவரின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதை அவர் அப்போதே சொல்ல வேண்டுமா என்பதில் அடுத்த வாதம் தொடங்குகிறது.