பேங்க் ரீகன்சிலியேஷனும் சர்வர் மெமரியும்

பி.காம் படிக்கிறவனுக்கு சர்வர்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? எனக்கும் அதே சந்தேகம்தான்!

லீவுக்கு பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர் பாத்துக்கறார். மூணு ராத்திரியா தூக்கமில்லை. "மெமரி எங்கியோ லீக் ஆகுதுடா"ன்னு ஒரே புலம்பல்.

அவங்க ஃபைல் எல்லாம் செஃப்-ங்கிற மென்பொருளில் இருக்கு. மூணு சர்வர், எல்லாத்துக்கும் மூணு பிரதி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓஎஸ்டின்னு ஒரு காவல்காரன். மெமரி தீர்ந்தா லினக்ஸ் அதில் ஒருத்தனைப் போட்டுத் தள்ளிடும். அவன் எழுந்து விட்டதைப் பிடிக்கும்போது மத்தவங்களுக்கும் வேலை கூடி, அடுத்தவன் விழுவான். ரெண்டு சர்வர் சேர்ந்து விழுந்தா எழுதறதே நின்னுடும். ரீஸ்டார்ட் பண்ணினா ரெண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

நானும் பக்கத்தில் உக்காந்தேன். 'ஃப்ரீ'ங்கிற இடத்தில் சொற்பமா இருந்ததைப் பாத்துப் பதறினேன். அண்ணன் சிரிச்சார். சும்மா கிடக்கிற மெமரியை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்குமாம், கேட்டா திருப்பிக் கொடுத்துடுமாம். பாக்க வேண்டியது 'அவைலபிள்'. ஆனா அதுவும் தரை தட்டியிருந்தது.

அடுத்து ஓஎஸ்டியோட உள்கணக்கு. 'டம்ப் மெம்பூல்ஸ்'னு கேட்டா கேஷுக்கு இவ்ளோ, பிஜி லாகுக்கு இவ்ளோன்னு தலைப்பு வாரியா சொல்லும். மொத்தம் 3.6 ஜிபி. லினக்ஸ் சொல்றதோ 4.3. "பாத்தியா, மிச்சம் எங்க போச்சு?"ன்னார்.

அட, இது நம்ம பிஆர்எஸ்! செக் கொடுத்தாச்சு, பேங்குக்கு இன்னும் வரலை. கேஷ் புக்கில் கம்மி, பாஸ் புக்கில் அதிகம். இங்கேயும் அதேதான். ஓஎஸ்டி விடுவிச்ச மெமரியை டிசிமாலக் உடனே லினக்ஸுக்குத் திருப்பறதில்லை. 'ஹீப் ரிலீஸ்' கொடுத்ததும் வித்தியாசம் பாதியாச்சு. மூணு நாள் குறிப்பையும் ஒப்பிட்டோம். கேஷ் நிரம்பினதுக்கு அப்புறம் எந்தத் தலைப்பும் வளரலை. அப்போ லீக்கே இல்லை!

"அண்ணா, ஒருத்தனுக்கு எவ்ளோ பட்ஜெட்?"

"டீஃபால்ட் 4 ஜிபி."

"ஒரு மெஷின்ல எத்தனை பேர்?"

"நாலு."

"மெஷின்ல மொத்த மெமரி?"

"பதினா..." அண்ணன் பாதியிலேயே நிறுத்திட்டார்.

பழைய ஃபைல்ஸ்டோர் முறையில் டிஸ்க் கேஷ் லினக்ஸ் கையில் இருந்தது, நெருக்கடியில் அது விட்டுக் கொடுக்கும். 2017-ல் வந்த லூமினஸ் பதிப்பிலிருந்து புளூஸ்டோர்தான் டீஃபால்ட். அதில் கேஷ் ஓஎஸ்டி கையில். மெஷின் வாங்கினவங்க பழைய கணக்கிலேயே வாங்கியிருக்காங்க. போதாக்குறைக்கு அந்த 4 ஜிபி வெறும் இலக்குதான், உச்சவரம்பு இல்லை. ரெகவரி நேரத்தில் தாண்டும். ரீஸ்டார்டுக்கப்புறம் ரெண்டு நாள் ஓடினதுக்குக் காரணம், கேஷ் மெல்ல நிரம்பறதுதான்.

'ஓஎஸ்டி மெமரி டார்கெட்'டை 2.5 ஜிபி ஆக்கினோம். நாலு பேருக்கும் 10, மிச்சம் 6 லினக்ஸுக்கும் அவசரத்துக்கும். ஃபைல் படிக்கிறது கொஞ்சம் மெதுவாச்சு, ஆனா அதுக்கப்புறம் யாரும் சாகலை. கூடுதல் மெமரி கேட்டு அண்ணன் மெயில் போட்டிருக்கார்.

குடத்தில் ஓட்டை எங்கேன்னு மூணு ராத்திரி தேடியிருக்கார் மனுஷன். குடமே சின்னது.

பி.கு: பிஆர்எஸ்-சை ஒழுங்கா நடத்தின எங்க அக்கவுண்டன்சி சாருக்கு ஒரு சல்யூட். இன்டர்னல் மார்க்கில் கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்! :)