ஒரே பெயர்

'கல்கி' என்றால் என்ன என்று கேட்டால் மூன்று பதில்கள் உண்டு. விஷ்ணுவின் பத்தாவது அவதாரம், ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆசிரியர்; அவர் 1941-இல் ஆரம்பித்த பத்திரிகை. நமக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை. "இன்னும் கல்கி வரலையே" என்று அந்தக் காலத்துப் பாட்டி அலுத்துக்கொண்டால், அவள் எதிர்பார்ப்பது அவதாரத்தையா, தபால்காரனையா என்று குரலிலேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குக் குரல் தெரியாது; எழுத்துதான் தெரியும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக ஒரு சாஸ்திரம் இருக்கிறது. 'டாபிக் மாப்' என்று பெயர். பொருள்களின் படம் என்று சொல்லலாம். 1990-களில், யூனிக்ஸ் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பொருளகராதிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று சிலர் மண்டையை உடைத்துக்கொண்டதில் பிறந்தது. பிறகு 13250 என்ற எண்ணோடு சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. இன்று அதை நினைப்பவர்கள் குறைவு. ஆனாலும் பாத்திரங்களை வைத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கு அதன் விதிகள் ரொம்பப் பிடித்திருக்கின்றன.

முதல் விதி, பெயர் வேறு, பொருள் வேறு என்பது. அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், ராஜராஜன் எல்லாம் ஓர் ஆள்தான். படத்தில் அவனுக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பெயரைச் சாராத ஓர் அடையாளம் கொடுத்துவிட வேண்டும். பெயர்களை அதன் மேல் சட்டைபோல் மாட்டலாம். 'ராஜராஜன்' என்ற சட்டை 985-இல் பட்டத்துக்கு வந்த பிறகு போட்டது என்றும் குறிக்கலாம். 'பொன்னியின் செல்வன்' என்ற நாவலோ வேறு புள்ளி. (நம் பழையவர்கள் இதை அறியாதவர்களல்ல. திவாகர நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லவென்றே தனியாக ஒரு தொகுதி இருக்கிறது.)

அடுத்தது உறவு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டு 'சம்பந்தம் உண்டு' என்று எழுதிவிடுவது சோம்பேறி வேலை. என்ன சம்பந்தம், அதில் யார் யாராக நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். யார் சொன்னது என்பதும் வேண்டும். குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. நாவலில் அவர்கள் காதலர்கள். இரண்டும் ஒரே கோடு அல்ல.

எல்லாவற்றிலும் கஷ்டமானது சேர்ப்பது. இரண்டு படங்களை ஒன்றாக்கும்போது, ஒரே பொருளைக் குறிக்கும் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தக் கலையின் மகிமையே அதுதான். ஆபத்தும் அதுதான்.

என் அண்ணன் மகன் எங்கள் குடும்பக் காகிதங்களை இப்படிப் படம் போட்டான். வீட்டுக் கணக்கு, ஜாதகக் கட்டு, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் ஏற்றினான். ஒரு நாள் வந்து, "சித்தப்பா, கொள்ளுப்பாட்டி செத்துப்போய் நாலு வருஷம் கழிச்சு ஒரு பிள்ளையைப் பெத்திருக்காளே!" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தாவுக்கு இரண்டு கல்யாணம். மூத்தவள் முதல் பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. இளையவளுக்கும் அதே பெயர். வீட்டில் மூத்தவளைப் பற்றிப் பேசுவதில்லை. படம் கிடையாது, திதி எப்போது நின்றது என்பதும் ஒருவருக்கும் நினைவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவளுக்கு வாங்கிய வளையலும், வைத்தியருக்குக் கொடுத்த ஒன்றரை ரூபாயுமே அவள் இருந்ததற்குச் சாட்சி. பெயரை மட்டும் பார்த்து இருவரையும் கம்ப்யூட்டர் ஒருத்தியாக்கியபோது, அந்தச் சாட்சியும் இளையவள் பேருக்கே போயிற்று.

பையன் பிரித்தான். பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரையும் தகப்பனாரையும் வைத்து இரண்டு புள்ளிகள் போட்டான். தாத்தாவிடமிருந்து இப்போது 'கணவன்–மனைவி' என்று இரண்டு கோடுகள் போகின்றன. ஒன்று குட்டையாக முடிந்துவிடுகிறது. காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தேதி பார்த்து, இது மூத்தவளுடையது, இது இளையவளுடையது என்று ஒட்டினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

பரணில் ஒரு வெண்கலப் பானை இருக்கிறது. கழுத்தில் அந்தப் பெயர் வெட்டியிருக்கிறது, தேதி இல்லை. அதை அவன் தனிப் புள்ளியாகவே போட்டு வைத்திருக்கிறான். இன்னும் யாரோடும் சேர்க்கவில்லை.