தேரியில் முருங்கையும் கொடி ஆடும்

16.12.2023, சனி
ஆட்டுக் கிடைக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். தை பிறந்ததும் செம்மறிகளைக் கொண்டுவந்து நம் முருங்கைத் தோட்டத்தில் மறிப்பாராம். காசோடு ராச்சோறும் கேட்கிறார். கொடுக்கலாம். பெரியதாழையை அடுத்த படுக்கப்பத்துப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் தண்ணீரும் நிற்பதில்லை, போட்ட உரமும் தங்குவதில்லை. புழுக்கையும் மூத்திரமும் விழுந்தால்தான் மண்ணுக்குக் கொஞ்சம் பிடிப்பு வரும். நம் கொடி இன ஆடுகளின் எரு மரத்தூருக்குப் போடவே பற்றவில்லை.

18.12.2023, திங்கள்
நேற்றிலிருந்து விடாத மழை. கரண்டு இல்லை. ஆடுகளைப் பரணில் ஏற்றி, கோடையில் பொறுக்கிவைத்த உடைமர நெற்றைப் போட்டோம். குட்டிகள் நடுங்குகின்றன.

20.12.2023, புதன்
காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையாம், திருச்செந்தூரில் 69. தோட்டத்துக்குப் போனால், முருங்கையில் பாதிக்குமேல் படுத்துக் கிடக்கிறது. இளகின மணலில் அந்த மெத்தென்ற மரம் எப்படி நிற்கும்? பனை ஒன்றுகூட அசையவில்லை. ஒரு வருஷம் சேர்த்த எருக்குவியல் கரைந்து ஓடையோடு போய்விட்டது. மரம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

பெரிய ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. குட்டியில் இரண்டு செத்துப்போயின. சாய்ந்த மரத்தின் தழையை அப்படியே போடாமல், வாடவைத்துத்தான் போட்டோம். பசுந்தழையை ஒரேயடியாகத் தின்றால் வயிறு உப்பும். துள்ளுமாரி நோய்க்கான ஊசியை மழைக்கு முன்னமே போட்டுவிட்டதால் அந்தப் பயம் இல்லை.

22.12.2023, வெள்ளி
முதலமைச்சர் நேற்று நிவாரணம் அறிவித்திருக்கிறார். செத்த ஆட்டுக்கு 4,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500. எக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு ஒன்பதாயிரம் சொச்சம்தான் வரும். எட்டயபுரம் சந்தையில் ஒரு நல்ல கிடாயே அதற்குமேல் விலை போகும். கரைந்துபோன எருவுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஆட்டையெல்லாம் விற்று, முழுக்க முருங்கையே வைத்தார். மேய்க்க ஆள் இல்லை என்றார். அதுவும் உண்மைதான். இன்று அவரிடம் விற்க ஒன்றுமில்லை.

24.12.2023, ஞாயிறு
ஊரில் கிறிஸ்துமஸ் வேலை நடக்கிறது. எங்களுக்குத் தோட்டத்தில் வேலை. விழுந்த மரத்தில் கை கனத்துக்கு உள்ள கிளைகளைப் போத்தாக வெட்டி, மேல்வெட்டில் சாணி அப்பி நட்டோம். பரணுக்கு அடியில் கிடந்த புழுக்கையை வாரிக் குழிக்குப் போட்டோம். கிடைக்காரரிடம் தையிலேயே வரச் சொல்லியாயிற்று. ஆடு கால் வைக்காதபடி போத்துகளைச் சுற்றி உடைமுள் கட்ட வேண்டும். இவை காய்க்க ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை வீட்டுச் செலவெல்லாம் கிடாய்கள் தலையில்தான்.