சாக்சபோனிலிருந்து நாகசுரத்துக்கு: சார்லி மரியானோ

பாஸ்டனில் 1923இல் பிறந்து, சார்லஸ் மிங்கஸ் 1963இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஆல்டோ சாக்சபோன் வாசித்த ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ, 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்க வந்தபோதுதான் நாகசுரத்தில் மனம்பறிகொடுத்தார் என்பது, குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்த பினாங்குத் தமிழர் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தியாகும். ஒற்றைச் சீவாளிக்கும் உலோகச் சாவிகளுக்கும் பழகிய அவர், இரட்டைச் சீவாளியை உதட்டில் பொருத்தி, சாவியில்லாத துளைகளில் மூச்சாலும் விரல்நுனியாலும் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தை நடுவயதில் பயின்றது அரிய துணிவே. நாகசுரக் குடும்பத்தில் பிறந்து சாக்சபோனை ஏற்ற கத்ரி கோபால்நாத்தின் பயணத்துக்கு இது எதிர்த்திசை. கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியினருடன் மரியானோ 1983இல் பதிவுசெய்த 'ஜோதி' இசைத்தட்டில், அவருடைய சாக்சபோன், பாடகி ரமாமணியின் குரலை மிஞ்ச முனையாமல், அதற்கு இடம்விட்டு உடன்செல்கிறது.